மேடைக்கு அழைக்கப்பட்டவர் விருந்தினரே

ஆலயத் திருவிழா என்றால் அபிஷேக ஆராதனை உண்டு. சுவாமி புறப்பாடு உண்டு. உபயகாரர்களின் அன்னதானம் உண்டு. இவை யாவும் இனிதே நிறைவெய்திய பின்னர், மண்டபத்து மேடையில் கலை நிகழ்ச்சி நடைபெறுவதும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களிடையே வழிவழி வந்த வழக்கமாகும். பரதம், பட்டிமன்றம், மெல்லிசை ஆகியவற்றின் நடுவே நகைச்சுவை கலந்த மாயாஜால நிகழ்ச்சியும் சில வேளைகளில் இடம்பெறுவதுண்டு.

வித்தைக்காரர் வெறுந்தொப்பியைக் காட்டுவார். அதிலிருந்து பூங்கொத்தை எடுப்பார். கைக்குட்டையின் நிறத்தை மாற்றுவார். அதுவரை அவையோர் நிம்மதியாக அமர்ந்திருப்பர். பின்னர் அவர் மேடையின் விளிம்புக்கு வந்து, “உங்களுள் ஒருவர் மேடைக்கு வர வேண்டும்” என்பார். அந்தக் கணமே மண்டபத்தின் நிலை மாறிவிடும். பிள்ளைகள் “நான், நான்” என்று கையுயர்த்துவர். பெரியவர்களோ கைப்பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொள்வர். கணவரை மனைவியும் மனைவியைக் கணவரும் முன்னுக்குத் தள்ளுவர்.

பெரியவர்கள் ஏன் அஞ்சுகின்றனர்? மேடையில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. நாலு பேர் முன்னிலையில் நகைப்புக்கு ஆளாக நேருமோ என்பதுதான் அவ்வச்சம். அஃது இயல்பானதே, நியாயமானதும் ஆகும். நகைச்சுவை மாயாஜாலத்தின் சிறப்பும் சீர்கேடும் அந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியுள்ளன: மேடையேறிய பார்வையாளர் இறங்கிச் செல்லும்போது தலைநிமிர்ந்து செல்கிறாரா, தலைகுனிந்து செல்கிறாரா?

செப்பும் பந்தும்

கைவித்தைகளுள் மிகத் தொன்மையானது கிண்ணங்களின் கீழ்ப் பந்துகளை மறைத்தும் தோற்றுவித்தும் காட்டும் வித்தையாகும். சிறு கிண்ணத்தைச் ‘செப்பு’ என்பது தமிழ் வழக்கு. ‘செப்படி வித்தை’ என்ற சொல் இவ்வித்தையைக் கொண்டே வழங்கலாயிற்று. கேரளத்தில் இதனைச் ‘செப்பும் பந்தும்’ என்றே அழைப்பர். அங்கே வாழக்குன்னம் நம்பூதிரி இவ்வித்தையில் பெரும்புகழ் ஈட்டியவர்.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் செனெக்காவும் தம் கடிதமொன்றில் இக்கிண்ண வித்தையைக் குறிப்பிடுகின்றார். இத்தகைய ஏமாற்று யாருக்கும் தீங்கு செய்வதில்லை என்றும், சூழ்ச்சி இன்னதென விளங்காதிருப்பதே இதில் இன்பம் என்றும் அவர் கருதினார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ‘தீங்கற்ற ஏமாற்று’ என்னும் கருத்து தோன்றிவிட்டது என்பது ஈண்டு எண்ணத்தக்கது. ஆகவே, தீங்கு எங்கே நுழைகிறதோ அங்கே வித்தை தன் தகுதியை இழந்துவிடுகிறது எனலாம்.

இந்தியத் தெருவோர வித்தைகளில் சிரிப்பு தொன்றுதொட்டே இடம்பெற்று வந்துள்ளது. வடநாட்டில் வித்தைக்காரருக்குத் துணையாக ‘ஜமூரா’ எனப்படும் சிறுவன் இருப்பான். குரு கேட்கும் கேள்விக்கு அவன் குறும்பாக விடையளிப்பான், கூட்டம் சிரிக்கும். அச்சிறுவன் வித்தைக்காரரின் சொந்த ஆள். எதைச் சொல்ல வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்று பயின்றவன். கூட்டத்திலிருந்து அழைக்கப்படுபவரோ எதனையும் பயிலாதவர். வித்தைக்காரரை நம்பி வந்தவர். இவ்வேறுபாட்டை மறந்துவிடும்போதுதான் தொல்லை பிறக்கிறது.

அச்சமூட்டி அடக்கும் வித்தை

தமிழகத்துச் சந்தைகளில் வித்தை காட்டிய மோடி மஸ்தான்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போர் பலர். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை நடக்கும் என்று கூறிக் கூட்டம் சேர்ப்பர். அந்தச் சண்டை கடைசிவரை நடவாது. தாயத்து விற்பனைதான் நடக்கும். நடுவில் எவரேனும் நகர முற்பட்டால், “இடத்தை விட்டுப் போனால் இரத்தம் கக்குவாய்” என்று மிரட்டுவர். அங்கே கூட்டத்தினர் நின்றது வியப்பினால் அன்று, அச்சத்தினால்தான்.

இதே முறையை ஓர் அரசாங்கமே கையாண்ட வரலாறும் உண்டு. பிரான்சு நாட்டின் ரொபேர் ஊதான் (1805–1871) கடிகாரத் தொழிலில் பயின்று, பின்னர் பாரிஸ் நகரில் தமக்கென ஓர் அரங்கை அமைத்துக்கொண்டு புகழ்பெற்ற வித்தைக்காரர் ஆவார். தற்கால மேடை மாயாஜாலத்தின் தந்தை எனப் பலராலும் போற்றப்படுபவர். அவரிடம் சிறு பெட்டி ஒன்று இருந்தது. வித்தைக்காரர் விரும்பினால் அதனை ஒரு குழந்தையும் தூக்கலாம். விரும்பாவிடில் எவராலும் அசைக்க முடியாது. மின்சாரத்தால் இயங்கும் காந்தமே அதன் சூட்சுமம். மின்காந்தம் என்பதைப் பொதுமக்கள் அறியாத காலம் அது. பாரிஸ் நகரில் அஃது ஒரு வேடிக்கையாக விளங்கிற்று.

1856-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் அவரை அல்ஜீரியாவிற்கு அனுப்பியது. அங்கே மராபூத் எனப்படும் சமயப் பெரியோரின் செல்வாக்கைக் குறைக்க வேண்டும், பிரெஞ்சுக்காரரின் ஆற்றலே பெரிதென்று காட்ட வேண்டும் என்பது அரசின் நோக்கம். அல்ஜியர்ஸ் நகர அரங்கில் அரபுத் தலைவர்கள் கூடியிருக்க, உடல்வலி மிக்க ஒருவர் மேடைக்கு அழைக்கப்பட்டார். முதலில் அவர் பெட்டியை எளிதில் தூக்கினார். பின்னர், “உன் வலிமையைப் பறித்துவிட்டேன்” என்று வித்தைக்காரர் அறிவித்ததும், எவ்வளவு முயன்றும் பெட்டி அசையவில்லை. அத்துடன் நில்லாமல், பெட்டியின் கைப்பிடி வழியே மின்னதிர்ச்சியும் பாய்ச்சப்பட்டது. அம்மனிதர் அலறி மண்டியிட்டார். விடுபட்டதும் தம் ஆடையால் முகத்தை மறைத்துக்கொண்டு அரங்கை விட்டே ஓடினார். இதனை ரொபேர் ஊதானே தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். இவை கைத்திறனே அன்றி மந்திரம் அல்ல என்பது பின்னர் மொழிபெயர்ப்பாளர்கள் வாயிலாகத் தலைவர்களுக்கு விளக்கப்பட்டது என்றும் அவர் கூறுகின்றார்.

விளக்கம் பின்னர் வந்தது. முகத்தை மறைத்துக்கொண்டு ஓடியவரின் அவமானம் முன்னரே நிகழ்ந்துவிட்டது. பெட்டி அதே பெட்டிதான். காந்தம் அதே காந்தந்தான். பாரிஸில் வேடிக்கையாக இருந்தது அல்ஜியர்ஸில் கொடுமையாயிற்று. அழைக்கப்பட்டவரை எந்த நோக்கத்தோடு அழைத்தனர் என்பதே வேறுபாட்டுக்குக் காரணம்.

சாட்சியாக வந்தவர்

இதற்கு நேர்மாறாக, பார்வையாளரை நடுவராக அமர்த்திப் பெருமைப்படுத்தியவர்களும் உளர். வங்காளத்தைச் சேர்ந்த பி.சி.சர்க்கார் (1913–1971) அவர்களுள் முதன்மையானவர். ‘இந்திரஜால்’ என்னும் தம் நிகழ்ச்சியைப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்ற அவர், 1971 சனவரியில் ஜப்பானில் நிகழ்ச்சி நடத்திவந்த வேளையில் காலமானார்.

அவருடைய புகழ்பெற்ற வித்தைகளுள் ஒன்று கண்ணைக் கட்டிக்கொண்டு படிப்பதாகும். அவையிலிருந்து வந்தவர்கள் அவருடைய கண்களை மூடிக் கட்டுவர். கட்டு சரியாக உள்ளதா என்று தாங்களே சோதித்துக்கொள்வர். பின்னர் அவர்களுள் ஒருவர் கரும்பலகையில் எழுதுவார். சர்க்கார் அதனைக் கண்டவர் போலவே எழுதிக் காட்டுவார். இங்கே மேடையேறியவருக்கு ஒரு பொறுப்பு உண்டு. அவர் அவையின் சார்பில் வந்த சாட்சி. அவர் எவ்வளவு கண்டிப்பாகச் சோதிக்கிறாரோ அவ்வளவுக்கு வித்தையின் மதிப்பு உயர்கிறது.

அதே நிகழ்ச்சியில் நகைச்சுவைக்கும் குறைவிருந்ததில்லை. ‘இந்திய நீர்’ என்னும் குடுவை ஒன்றினைக் கவிழ்த்து நீர் முழுவதையும் ஊற்றிவிடுவார். அடுத்த வித்தை முடிந்ததும் மீண்டும் கவிழ்ப்பார். மீண்டும் நீர் கொட்டும். இவ்வாறு நிகழ்ச்சி முடியும்வரை அக்குடுவை வற்றாது. ஒவ்வொரு முறையும் சிரிப்பு பெருகுமேயன்றி எவர் மனமும் நோகாது.

எல்லாரும் கண்டனர், ஒருவர் காணவில்லை

இத்தாலியில் பிறந்து நியூயார்க் நகரில் வாழ்ந்தவர் ஸ்லைடினி. 1991-ஆம் ஆண்டு மறைந்த இவர், மிக நுட்பமான கைத்திறன் உடையவர். இவர் காட்டிய காகித உருண்டை வித்தை இன்றும் பலரால் நிகழ்த்தப்பெறுகிறது. ஒருவரை மேடைக்கு அழைத்து நாற்காலியில் அமர்த்துவர். அவர் கண்ணெதிரே மெல்லிய காகிதத்தைக் கசக்கி உருண்டையாக்குவர். “இதோ பாருங்கள்” என்று கையை ஆட்டுவர், உருண்டை மறைந்துவிடும். உண்மையில் அது அவருடைய தலைக்கு மேலாகப் பின்புறம் வீசப்பட்டிருக்கும். அவையோர் அனைவரும் அதனைத் தெளிவாகக் காண்பர். நாற்காலியில் இருப்பவர் மட்டுமே காணார். உருண்டை ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பெரிதாகிக்கொண்டே போகும். அவையின் சிரிப்பும் பெரிதாகும்.

இது கத்திமுனை போன்ற வித்தையாகும். சற்றே பிசகினாலும் அமர்ந்திருப்பவர் முட்டாளாக்கப்பட்டதாக எண்ணி மனம் வருந்துவார். ஊரே சிரிக்கிறது, எதற்கென்று தமக்கு மட்டும் விளங்கவில்லை என்னும் நிலை எவ்வளவு வேதனையானது! ஆதலின் பண்பட்ட வித்தைக்காரர் அவரிடம் கனிவாகவே பேசுவார்; “நீங்கள் சரியாகத்தான் பார்க்கிறீர்கள்” என்பார். நெடுநேரம் நீட்டிக்க மாட்டார். முடிவில் அவரைத் திரும்பிப் பார்க்கச் செய்வார். பின்னால் குவிந்து கிடக்கும் உருண்டைகளைக் கண்டதும் அவரும் வாய்விட்டுச் சிரிப்பார். இரகசியத்தில் அவருக்கும் பங்கு கிடைத்துவிட்டதால், சற்றுமுன் அவரைத் தவிர்த்து எழுந்த சிரிப்பு அவரையும் சேர்த்துக்கொண்ட சிரிப்பாக மாறிவிடுகிறது. திரும்பிப் பார்க்கச் செய்யாமல் அனுப்பிவிட்டால், அவர் வீடுவரை அந்தச் சிரிப்பைச் சுமந்து செல்வார்.

தம்மையே நகைப்புக்கு ஆளாக்கிக்கொண்டோர்

பிள்ளைகளை மேடைக்கு அழைப்போர் கையாளும் கருவிகளுள் விசிறி ஒன்று. வித்தைக்காரர் கையில் அது அழகாக விரியும். சிறுமியின் கையில் கொடுத்ததும் துண்டு துண்டாகத் தொங்கும். அவ்வாறே மந்திரக்கோல் ஒன்றும் பிள்ளையின் கைக்குப் போனதும் ஒடிந்து தொங்கும். அவ்வேளையில் வித்தைக்காரர் என்ன சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். “உடைத்துவிட்டாயே!” என்று அதட்டினால் பிள்ளையின் கண் கலங்கும். “ஐயையோ, கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரே!” என்று தாமே தலையில் கைவைத்துக்கொண்டால் அப்பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். கருவி ஒன்றே, சொல்லே வேறு.

நியூயார்க் நகரின் அல் ஃப்ளோசோ (1895–1976), அவையிலிருந்து ஒரு சிறுவனை அழைத்து அவனுடைய காதிலும் சட்டையிலும் காற்றிலுமாகக் காசுகளை எடுத்து வாளியில் போடும் வித்தையால் பேர்பெற்றவர். அங்கும் இங்கும் ஓடிப் பரபரப்பவர் வித்தைக்காரர். விழிவிரிய நிற்பவன் சிறுவன். அவையோர் அந்தச் சிறுவனின் வியப்பில் தங்கள் இளமையைக் கண்டனர் எனலாம்.

பிரிட்டனின் டாமி கூப்பர் (1921–1984) இன்னும் ஒருபடி மேலே சென்றவர். ஆறடிக்கும் மேற்பட்ட உயரம். தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி. அவர் தொடங்கும் வித்தைகள் பெரும்பாலும் தோற்றுப்போகும். தோற்கத் தோற்க மக்கள் சிரிப்பர். எதிர்பாராத ஒரு தருணத்தில் ஒரு வித்தை மிகச் செம்மையாக நிறைவேறும். உண்மையில் அவர் நன்கு தேர்ந்த வித்தைக்காரர். தவறுவது போல நடிப்பதற்கும் தேர்ச்சி வேண்டும். 1984 ஏப்ரல் 15 அன்று தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பான நிகழ்ச்சியின்போது அவர் மாரடைப்பால் மேடையிலேயே சரிந்தார். அதுவும் வேடிக்கையே என்று எண்ணி அவை சிரித்தது. மறுக்க இயலாத துயரம் அது. எனினும், விழுவதும் தோற்பதும் தம் பங்கு, சிரிப்பது மக்களின் பங்கு என்று வாழ்நாள் முழுதும் அவர் வகுத்துக்கொண்ட முறைக்கு அதுவே சான்றாகவும் அமைந்துவிட்டது.

வித்தை வித்தையாகவே இருத்தல் வேண்டும்

ஆலய மேடையில் மாயாஜாலம் நிகழும்போது மற்றுமோர் எல்லையையும் காத்தல் கடமையாகும். கைவித்தையை அருளாற்றல் என்று கூறுதல் கூடாது. ஆதிசங்கரர் தம் பிரம்மசூத்திர உரையில், கயிற்றைப் பற்றிக்கொண்டு வானில் ஏறுவதாகத் தோன்றும் மாயாவியையும், தரையில் நின்றுகொண்டிருக்கும் மெய்யான வித்தைக்காரனையும் வேறுபடுத்திக் காட்டுகின்றார். தோற்றம் வேறு, உண்மை வேறு என்பதை விளக்க அவருக்கு இந்திரஜாலம் உவமையாயிற்று. ஆகவே மாயாஜாலத்தை மாயாஜாலமாகவே கண்டு மகிழ்வது நம் சமயத்துக்குப் புறம்பானது அன்று. திருநீறு, குங்குமம், பிரசாதம் ஆகியவற்றை வித்தைப் பொருளாக்குவதும், மேடையேறியவரிடம் “உனக்குத் தோஷம் இருக்கிறது” என்று விளையாட்டாகக் கூறுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. விளையாட்டாகச் சொன்னதை மெய்யென நம்பிக் கலங்குவோரும் அவையில் இருக்கக்கூடும்.

ஏற்பாடு செய்வோர் கவனத்திற்கு

மேடையேறும் விருந்தினரைக் காப்பது வித்தைக்காரரின் பொறுப்பு மட்டுமன்று. அழைத்து வந்த ஆலய நிர்வாகத்துக்கும் அதில் பங்குண்டு. நிகழ்ச்சிக்கு முன்னரே சிலவற்றைப் பேசி முடிவு செய்துகொள்வது நலம்.

வர விருப்பமில்லாதவரைக் கையைப் பிடித்து இழுத்தல் ஆகாது. தலையசைத்து மறுத்தால் அம்மறுப்பை ஒரு புன்னகையோடு ஏற்று அடுத்தவரை நாட வேண்டும். நேருக்கு நேர் பார்த்துச் சிரிப்பவரே பெரும்பாலும் வர விரும்புபவர். மிகச் சிறிய பிள்ளைகளைப் பெற்றோரின் சம்மதமின்றி அழைத்தல் கூடாது. அழத் தொடங்கினால் உடனே தாயிடம் சேர்த்துவிட வேண்டும். முதியவர்கள் மேடைப் படியில் ஏறவும் இறங்கவும் ஒருவர் துணை நிற்க வேண்டும்.

வந்தவரைப் பெயர் கேட்டு, அப்பெயரைச் சரியாகச் சொல்லி, வயதுக்கேற்ப ஐயா என்றோ அம்மா என்றோ தம்பி என்றோ அழைக்க வேண்டும். நிறம், பருமன், வழுக்கை, பேச்சு வழக்கு, தொழில் ஆகியவற்றைக் கேலி செய்வது நகைச்சுவை ஆகாது. இரட்டைப் பொருள்படும் பேச்சுக்கு ஆலய வளாகத்தில் இடமில்லை. அனுமதியின்றித் தொடுதல் கூடாது; பெண்களிடம் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மோதிரமோ கைக்கடிகாரமோ இரவல் வாங்கினால், அவையறிய வாங்கி அவையறியத் திருப்பித் தர வேண்டும்.

வித்தைக்காரர்களுள் சிலர் முன்னேற்பாடாகத் தம் ஆள் ஒருவரையே கூட்டத்தில் அமர்த்தி, பார்வையாளர் போல மேடையேற்றுவர். வேறு சிலர் வந்தவரின் காதில் மெல்லப் பேசி, தமக்கு ஒத்துழைக்குமாறு வேண்டுவர். இவை அக்கலையின் பழைய உத்திகளே. ஆனால் காதில் சொல்லப்படுவது கட்டளையாக இருத்தல் கூடாது; இருவரும் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கான அழைப்பாக இருத்தல் வேண்டும்.

இறுதியாக, விருந்தினர் இறங்கும்போது அவருக்கெனத் தனியே கைதட்டல் பெற்றுத்தர வேண்டும். வித்தைக்காரர் தமக்குரிய கைதட்டலை அதற்குப் பின்னர் பெற்றுக்கொள்ளலாம்.

அனைவர் மேலும் விழுந்த அடி

மதுரையில் வந்திக் கிழவிக்காகச் சோமசுந்தரப் பெருமான் கூலியாளாக வந்த திருவிளையாடலை அறியாத அன்பர் இலர். உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசி, வைகைக் கரையை அடைக்க வந்தவர் மண்ணைச் சுமந்தார், கொட்டினார், பாடினார், ஆடினார், உண்டார், உறங்கினார். பார்த்தோர் நகைத்தனர். எல்லாம் வல்லவன் ஏதும் அறியாதவன் போல நின்றான். பாண்டியன் பிரம்பால் அடித்தபோது அந்த அடி அரசன் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், அனைத்துயிர் மேலும் விழுந்தது.

இறைவனின் திருவிளையாடலையும் மனிதரின் கைவித்தையையும் ஒப்பிடுதல் தகாது. ஆயினும் அதில் மேடைக்கலைஞர் கற்றுக்கொள்ளத்தக்க பாடம் உண்டு. ஆற்றல் உடையவரே எளியவராக வேடம் பூண்டு நகைப்பைத் தம்மேல் ஏற்றுக்கொள்வது பெருந்தன்மை. அவ்வாறன்றி, நம்பி வந்த ஒருவர் மேல் அவமானத்தின் அடி விழுமாயின், அது அவர் ஒருவர் முதுகோடு நிற்பதில்லை. மண்டபத்தில் உள்ள ஒவ்வொருவரும் அதனை உணர்வர். அடுத்த ஆண்டு, “உங்களுள் ஒருவர் வாருங்கள்” என்ற அழைப்புக்கு எவரும் எழமாட்டார்கள்.

வந்தவர் மகிழ்ந்து இறங்கினாலோ, மறு ஆண்டு முன்வரிசை முழுவதும் கையுயர்த்தி நிற்கும். சென்ற ஆண்டு கைப்பைக்குள் தலைகுனிந்த பெரியவர்களும் அக்கூட்டத்தில் இருப்பர்.